ஏழாம் எண் கூண்டு

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றிய இரவு
கடலூர் ஓ.டி.யில் நாங்கள்
பனிப் பேய்ப் படம் பார்த்தோம்.

கார்த்திகைக் கடைசி.
கீழ்வீட்டில் முழங்கால் தண்ணீர்.
ஜெய்னம்பு அக்கா மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு
மாடி ஏறி வந்திருந்தாள்.
அவள் தம்பி அன்வர்தீன் காப்பாற்றியது லேப்டாப்.
கரண்ட் மத்தியானமே போயிற்று.
சார்ஜ் அறுபத்திரண்டு.
"இதுல இருக்கிறது ஒரே படம்தான்" என்றான்,
"பேய்ப் படம். தமிழ் பேசும்."

எங்கோ ஒரு மலை நாடு.
கணவாயில் தனித்த தபால் நிலையம்.
பனி கொட்டிப் பாதை அடைந்து பதினோரு நாள்.
உள்ளே இருப்பவர்கள் ஐந்து பேர்,
இரவுச் சாப்பாட்டு மேசையில் ஆறு தட்டு.
யார் வைத்தது என்று
யாரும் கேட்கவில்லை.

விடியலில் என் சைக்கிள் சீட்டில்
உட்கார்ந்திருப்பதும் பனி,
அங்கே ஒரு வீட்டையே விழுங்குவதும் பனி.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
சமாளிக்கிறோம்.
தவமணி பையனின் காதைத் துண்டால் மூடினாள்.
"படத்துல இவ்ளோ கொட்டுது, சளி பிடிக்கும்."

எனக்கு ஐஸ் தெரியும்.
பத்தொன்பது வருடம் ஐஸ் பேக்டரி.
பார் ஒன்று ஐம்பது கிலோ.
அது யார்மேலும் மெதுவாக இறங்காது.
கொக்கி போட்டு இழுக்க வேண்டும்,
அரவையில் நொறுங்கி
இறால் தலைமேல் விழும்,
சாயங்காலம் சாக்கடையில் ஓடும்.
இப்படிச் சத்தமில்லாமல் விழுவதற்கு
எந்தக் கம்பெனியில் கற்றதோ.

எங்கள் தகரத்தில் அடித்த மழை
பாதி வசனத்தைத் தின்றது.
பேய் வாயசைக்க
மழைதான் குரல் கொடுத்தது.
வாசலில் நிற்கிறாள் அந்தப் பெண்,
பின்னால் வெள்ளை மைதானம்,
ஒரு காலடி இல்லை.
"மாடியிலேர்ந்து இறங்கி வந்திருப்பா" என்றாள் ஜெய்னம்பு அக்கா.

அப்போது கதவு தட்டியது.

படத்திலா இங்கேயா என்று
அன்வர்தீன் நிறுத்திப் பார்த்தான்.
மறுபடியும் தட்டியது.
படத்தில் அவர்கள் திறக்கவில்லை.
தவமணி போய்த் திறந்தாள்.

வாட்ச்மேன் காத்தமுத்து,
உரச்சாக்கைக் கொங்காணி போட்டிருந்தான்.
"அண்ணே, தண்ணி உள்ள வந்துருச்சு.
அமோனியா வாடை வருது. சாவி உங்ககிட்ட."
அவன் வந்த வழியிலும் காலடி இல்லை.
தண்ணீரில் எவனுக்கு இருக்கும்?

இடுப்பளவில் நடந்தோம்.
நல்ல வேளை, வால்வில் சின்னக் கசிவுதான்.
மூக்கில் ஈரத்துணி கட்டி மூடினேன்.
பழக்க தோஷத்தில் பீடியை எடுத்தவன்
கையைத் தட்டிவிட்டேன்.
குளிரறையைத் திறந்ததும்
ஆவி வந்து முகத்தில் மோதியது,
டார்ச் வெளிச்சத்தில் சரியாக ஓர் ஆள் உயரம்.
ஆவி என்றுதான் இத்தனை வருடமும் சொல்கிறோம்,
ஒருநாளும் பயந்ததில்லை.
இன்று ஓர் அடி பின்வாங்கினேன்.
காத்தமுத்து பார்த்துவிட்டான்.

நாலு நாளாய்ப் படகு இறங்கவில்லை.
வாங்க ஆளில்லாத முந்நூறு பார்
விளிம்பு மழுங்கி நின்றன,
தேய்ந்த சோப்புக் கட்டிகளாக.
உருகுவது கேட்டது.
கெடிலம் வாசல்வரை வந்து
அதையும் வாங்கிக்கொண்டு போனது.

திரும்பும்போது மணி மூன்று.
லேப்டாப் செத்திருந்தது.
"அந்த ஆறாவது ஆள் யாரு?"
அக்கா ஒன்று சொன்னாள்,
அன்வர்தீன் வேறொன்று சொன்னான்,
பையன் தூங்கிவிட்டான், காதில் துண்டோடு.

அடுப்போரம் மூடிவைத்த ஒரு தட்டு.
உப்புமா கல்லாகியிருந்தது.
யாருக்கு என்று கேட்காமல் உட்கார்ந்தேன்.

மூன்றாவது கவளத்தில்
ஜெய்னம்பு அக்கா டார்ச்சை மெல்லத் தாழ்த்தி
என் காலுக்கு அடித்துப் பார்த்தாள்.
கணுக்கால்வரை சேறு,
கட்டைவிரலில் ரத்தம்.
"சரி, சாப்பிடு" என்று
அணைத்தாள்.